மூடை வெறுமையான மாதத்தில் நன்றி

டிசம்பர் 31ஆம் திகதி இரவு எமது ஆலயங்களில் நன்றி வழிபாடு நடைபெறுவது வழக்கம். கடந்துபோகும் ஆண்டிற்காக இறைவனுக்கு நன்றி கூறி, பிறக்கும் ஆண்டை அவரது கையில் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். சில வருடங்களுக்கு முன்னர் அத்தகைய ஒரு வழிபாடு முடிந்து வெளியே வந்தபோது, மழைக்கு ஒதுங்கி நின்ற விவசாயி ஒருவர் எம்மிடம் கேட்டார்: "எல்லாத்துக்கும் நன்றி சொல்லச் சொல்லுறியள், சரி. வயலும் இல்லை, வீடும் இல்லை. இந்த வருசம் நான் எதுக்கு நன்றி சொல்லுறது?" அவர் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். அன்றிரவு நாம் அவருக்குச் சரியான பதில் கூறவில்லை. தோளைத் தட்டிவிட்டு வந்துவிட்டோம். இக்கட்டுரை அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் நாம் பிந்திக் கூறும் பதிலாகும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டிசம்பர் முடிவில் நன்றி கூறும் வழக்கம் எமது வயல்களின் காலக்கணக்கோடு பொருந்தி வருவதல்ல. ஐரோப்பிய நாடுகளில் கோதுமை, ஓகஸ்ட் செப்டெம்பர் மாதங்களிலேயே களஞ்சியத்திற்கு வந்துவிடுகிறது. அறுவடைக்கான நன்றி விழாவை அங்குள்ள திருச்சபைகள் இலையுதிர் காலத்தில் கொண்டாடுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை நன்றி கூறும் நாள். ஆகவே அவர்களுக்கு டிசம்பர் என்பது தானியம் உள்ளே வந்து சேர்ந்துவிட்ட மாதம்.

எமது நிலைமை வேறு. வடக்குக் கிழக்கின் வரண்ட பிரதேசங்களில் காலபோகம் புரட்டாதியில் புழுதி விதைப்புடன் ஆரம்பமாகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பயிர் எழும்புகிறது. மார்கழியில் மூன்றரை மாத நெல்லினங்கள் குடலைப் பருவத்தில் நிற்கும். முந்தி விதைத்த வயலாயின் கதிர் எட்டிப் பார்க்கும். அரிவு வெட்டு தையில் தொடங்கிப் பங்குனி வரை செல்லும். சென்ற போகத்தில் வந்த நெல்லின் ஒரு பங்கு உரக் கடனுக்கும் உழவு இயந்திரக் கூலிக்கும் போய்விட்டது. மிச்சத்தை அவித்துக் குற்றிச் சாப்பிட்டாயிற்று. குளத்தில் தண்ணீர் இருந்து சிறுபோகம் செய்தவர்கள் தவிர ஏனையோருக்குக் கார்த்திகை கடைசியில் மூடை வெறுமையாகிவிடும். மார்கழியில் கூலி வேலையும் குறைவு. கூரை ஒழுகும். காய்ச்சல் வரும். அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகளின் கொப்பியும் சப்பாத்தும் வாங்க வேண்டும். அடைவு கடைக்குச் சங்கிலி போகும் மாதமும் இதுவே.

விளைச்சலுக்கான நன்றிக்கு எமக்கு வேறு நாட்கள் உண்டு. தைப்பொங்கலில் சூரியனுக்கும், மறுநாள் மாட்டுக்கும் நன்றி செலுத்துகிறோம். தைப்பூசத்தில் புதிர் எடுக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக உள்ளது. அவை விளைந்த பின் வரும் நாட்கள். டிசம்பர் 31 அப்படியல்ல. அன்று கையில் எதுவுமில்லை. வயலில் நிற்பதும் வெள்ளத்திற்கும் தத்திக்கும் தப்பினால்தான் வீடு வரும். சொந்த வயலே இல்லாமல் பிறர் காணியில் குத்தகைக்குச் செய்பவருக்கும், உறவினர் வளவில் கொட்டில் போட்டிருப்பவருக்கும் அதுகூட இல்லை.

அப்படியானால் இந்த மாதம் வரை எம்மைக் கொண்டுவந்து சேர்த்தது எது? நெல்லல்ல, அது எப்போதோ முடிந்துவிட்டது. நிவாரணம் வந்த காலத்திலும் அது மாதம் முழுவதற்கும் போதியதாக இருந்ததில்லை. ஒரு சுண்டு அரிசி கைமாறாகத் தந்த பக்கத்து வீட்டு அக்கா, உரம் வாங்கப் பிணை நின்ற நண்பர், பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துப் படிப்பித்த பெரியம்மா, இப்படிப் பார்த்தால் மனிதர்கள்தாம் எம்மைக் கொண்டுவந்தார்கள். மூடை வெறுமையான மாதத்தில் நன்றி கூறுவதாயின் அது மனிதருக்கும் அவர்களை எமக்குத் தந்த இறைவனுக்கும் கூறும் நன்றியாகவே இருக்க முடியும். மழைக்கு ஒதுங்கி நின்ற அந்த விவசாயிக்கு நாம் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

ஒரு தாயின் கொப்பி

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் மழையில் நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு வந்ததை இங்கு விவரிக்கத் தேவையில்லை. நடந்தவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். அந்தக் கூட்டத்தில் ஐந்து பிள்ளைகளுடன் வந்த ஒரு தாயைப் பல வருடங்களின் பின் சந்தித்தோம். தென்மராட்சியில் சில மாதங்கள், 1996இல் கிளாலி கடந்து வன்னி, பின்னர் வன்னிக்குள்ளேயே பல இடங்கள், 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் என்று அவரது பயணம் நீண்டது. அவரிடம் எண்பது பக்கப் பாடசாலைக் கொப்பி ஒன்று இருந்தது. இடதுபக்கத்தில் தமக்குக் கிடைத்த உதவிகளை எழுதியிருந்தார். வலதுபக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருந்தது.

"கொடிகாமம். இரண்டு சேலை, ஒரு அலுமினியப் பானை" என்று ஒரு வரி. "விதைநெல் 2 புசல்" என்று இன்னொரு வரி. இரண்டு புசல் என்பது ஏறக்குறைய 42 கிலோ. ஓர் ஏக்கருக்குப் போதும் என்று விவசாயத் திணைக்களம் கூறும் அளவு. எம்மவர் வழமையாக அதற்கு மேல்தான் விதைப்பார்கள். அந்த நெல்லைக் கொடுத்தவர் தமது விதையில் குறைத்தே கொடுத்திருக்க வேண்டும். "மகனுக்கு மலேரியா. சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனவர். பெயர் தெரியாது" என்றொரு வரி இருந்தது. "பெயர் தெரியாது" என்பது அந்தக் கொப்பியில் பல இடங்களில் வந்தது.

"இதென்ன அம்மா, கடன் கணக்கோ?" என்று கேட்டோம்.

"கடனெண்டில்லைத் தம்பி. மறந்துபோடுவம் எண்டு பயம். முதல் கொப்பி முள்ளிவாய்க்காலில துலைஞ்சு போச்சு. இது முகாமில இருக்கேக்க யோசிச்சு யோசிச்சு திரும்ப எழுதினது. எழுதாமல் விட்டால் கஷ்டம் மட்டும்தான் ஞாபகத்தில நிக்குது."

அவர் கூறிய கடைசி வசனத்தை நாம் பல கூட்டங்களில் எடுத்துச் சொல்லியிருக்கிறோம். துன்பம் தானாகவே நினைவில் நிற்கும். உதவியை நினைவில் வைக்க ஒரு முயற்சி வேண்டும்.

திருக்குறளின் பதினோராவது அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். உதவியின் அளவை அங்கு வள்ளுவர் பொருளைக் கொண்டு நிறுக்கவில்லை. உரிய காலத்தில் கிடைத்த உதவி சிறியதாயினும் உலகத்தைவிடப் பெரிது என்கிறார். அந்தத் தாயின் அலுமினியப் பானை அப்படிப்பட்டது. சந்தையில் அதற்குப் பெரிய விலையில்லை. ஆனால் பானை இல்லாவிடில் கையிலிருக்கும் அரிசியைச் சோறாக்க முடியாது என்பதை நடுவழியில் நின்றவர் அறிவார்.

வாங்கும் கை ஏன் கூசுகிறது?

இடம்பெயர்ந்த விவசாயிக்கு நன்றி கூறுவது மற்றவர்களைவிடக் கடினமானது. இதை நாம் பேசாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். விவசாயி கொடுத்துப் பழகியவர். களத்துமேட்டில் நெல்லைக் குவித்துவிட்டு வண்ணாருக்கு, பரியாரியாருக்கு, கோயிலுக்கு, வந்து நின்ற ஏழைக்கு என்று அள்ளிக் கொடுத்த கை அது. அந்தக் கை வரிசையில் நின்று உலர் உணவு வாங்கும்போது கூசுகிறது. இன்னொருவர் வளவில் குடியிருந்து, அவருடைய கிணற்றில் அள்ளி, அவருடைய வேலியில் விறகு முறிக்கும்போது இன்னும் கூசுகிறது. அந்தக் கூச்சம் சில நேரம் கோபமாக மாறுகிறது. "பெரிசாத் தந்திட்டினம்" என்று சொல்ல வைக்கிறது. உதவி செய்தவரைக் கண்டால் ஒதுங்கிப்போக வைக்கிறது. நன்றியில்லாத மனம் என்று பிறர் நினைப்பது பல வேளைகளில் அவமானப்பட்ட மனமே.

இடம் கொடுத்தவரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1995 இறுதியில் தென்மராட்சியில் ஒரு வீட்டில் ஐந்து ஆறு குடும்பங்கள் இருந்தன. முதல் வாரம் எல்லோருக்கும் ஒரே பானையில் சமைத்தார்கள். இரண்டாம் மாதம் பானைகள் பிரிந்தன. பின்னர் கிணற்றுக் கட்டில் சண்டை, மலசலகூடத்துக்குச் சண்டை, ஆடு கத்தரிக் கன்றைக் கடித்ததற்குச் சண்டை. சில கிணற்றுக் கட்டுகளில் சாதியும் பார்க்கப்பட்டது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சண்டைகள் பலவற்றின் காரணம் கெட்ட மனம் அல்ல. இருந்தது ஒரு கிணறு. முன்னர் ஆறு பேர் குளித்த தண்ணீரில் இப்போது நாற்பது பேர் குளித்தார்கள்.

இதேபோன்ற அனுபவம் புத்தளத்திலும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்குப் புத்தளம், கற்பிட்டிப் பகுதி மக்கள் பாடசாலைகளிலும் தென்னந்தோட்டங்களிலும் தமது முற்றங்களிலும் இடமளித்தார்கள். அவர்களும் வசதியானவர்கள் அல்லர். வருடங்கள் செல்லச் செல்லக் கூலி வேலைக்கும் தண்ணீருக்கும் பாடசாலையில் இடத்திற்கும் போட்டி வந்தது, மனக்கசப்பும் வந்தது. ஆயினும் முதல் இரவு கதவைத் திறந்தவர்கள் அவர்களே. முதல் இரவையும் பின்னர் வந்த சண்டையையும் ஒரே கணக்கில் போட்டுக் கழித்துவிடக் கூடாது. கொலைக்கு நிகரான தீமை செய்தவராயினும், அவர் முன்பு செய்த ஒரு நன்மையை நினைத்தால் அந்தத் தீமை மறைந்துவிடும் என்று வள்ளுவர் அதே அதிகாரத்தில் கூறுவது கிணற்றுக் கட்டுச் சண்டைக்கு நிச்சயம் பொருந்தும்.

கூச்சத்திற்கு மருந்து என்ன? திருமறையில் உபாகமம் (இணைச்சட்டம்) இருபத்தாறாம் அதிகாரத்தில் விவசாயிகளுக்கென்றே ஒரு வழிபாடு எழுதப்பட்டுள்ளது. முதற்பலனைக் கூடையில் வைத்து ஆலயத்திற்குக் கொண்டுவரும் விவசாயி, குருவின் முன்னிலையில் சில வார்த்தைகளைக் கூற வேண்டும். அவர் தமது உழைப்பைப் பற்றியோ மண்ணின் வளத்தைப் பற்றியோ தொடங்குவதில்லை. தமது மூதாதை இடம்விட்டு இடம் அலைந்த ஓர் அரமேயன் என்று தொடங்குகிறார். எகிப்துக்குப் போய் அந்நியராக வாழ்ந்ததையும் அங்கு பட்ட துன்பத்தையும் கூறிய பின்னரே கூடையை வைக்கிறார். பின்பு தம்மிடையே வாழும் அந்நியரோடும் சேர்ந்து மகிழ வேண்டும் என்பது கட்டளை. ஆக, இடம்பெயர்ந்ததை அந்த மக்கள் வெட்கமாக ஒளித்து வைக்கவில்லை. நன்றி கூறும் மன்றாட்டின் முதல் வரியாக அதை வைத்தார்கள். எமது பிள்ளைகளுக்கும் நாம் எங்கிருந்து வந்தோம், யாருடைய வளவில் இருந்தோம் என்பதைத் தலை நிமிர்ந்து சொல்லலாம்.

நன்றியும் உரிமையும்

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். நன்றி என்ற சொல்லைக் கொண்டு எம்மை வாய்மூட வைக்க முயல்பவர்களும் உள்ளனர். "இவ்வளவு தந்தோமே, இன்னும் காணி கேட்கிறாய்" என்பார்கள். கூட்டம் கூட்டிக் கூப்பிய கையுடன் படம் எடுப்பார்கள். சங்கத்தில் ஒரு தகரம் அதிகமாகத் தந்தவர் தேர்தல் வரும்போது அதை ஞாபகப்படுத்துவார்.

அயலவர் தந்த ஒரு சுண்டு அரிசி அன்பினால் வந்தது. அதற்கு நன்றி உண்டு. அரச நிவாரணம் அப்படியல்ல, அது உரித்து. 1998இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட உள்ளக இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகள், இடம்பெயர்ந்தோருக்கு உதவும் முதற்கடமை அந்நாட்டு அதிகாரிகளுடையது என்று கூறுகின்றன. அந்த உதவியைக் கொண்டுவந்து தரும் உத்தியோகத்தர் அன்பாக நடந்துகொண்டால் அந்த அன்புக்கு நன்றி சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் சொந்தக் காணியைத் திரும்பக் கேட்பது நன்றி கெட்ட செயல் ஆகாது. போர் முடிந்து இத்தனை வருடங்களாகியும் எல்லாக் காணிகளும் உரியவர்களிடம் வந்து சேரவில்லை. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலை அடுத்து வைத்த அதிகாரம் நடுவு நிலைமை. ஏன் இந்த ஒழுங்கு என்பதற்குப் பழைய உரையாசிரியர் பரிமேலழகர் காரணம் கூறுகிறார். உதவி செய்தவரை நினைக்கும்போது மனம் அவர் பக்கம் சாய்ந்து நடுவு நிலைமை கெட்டுவிடக் கூடும். அங்கும் கெடக் கூடாது என்பதற்காகவே அது பின்னால் வைக்கப்பட்டது என்கிறார். கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பயனாளிகள் பட்டியல் தயாரிப்பவர்கள் இதை வாசித்தால் நல்லது.

வீட்டுக்குள் இருப்பவர்கள்

வெளியாருக்கு நன்றி கூறும் நாம் வீட்டுக்குள் இருப்பவர்களை மறந்துவிடுகிறோம். எமது வீடுகளில் தாய்க்கோ சகோதரிக்கோ "நன்றி" என்று சொன்னால் அது அந்நியமாகவே ஒலிக்கும். "என்னடா புதிசா?" என்பார்கள். அது குற்றமல்ல. ஆனால் சொல்லாமல் விட்டே பழகியதால் பார்க்காமலும் விட்டுவிட்டோம்.

இடம்பெயர்ந்த குடும்பமொன்றில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் தாய்தான். பானையின் அடியில் இருப்பதைச் சுரண்டிவிட்டு "எனக்குப் பசியில்லை" என்பார். அடுத்ததாக மூத்த பெண்பிள்ளையைப் பாருங்கள். தண்ணீர் சுமந்து, தம்பி தங்கையைக் குளிப்பாட்டி, தாய் கூலிக்குப் போன நாட்களில் பாடசாலைக்குப் போகாமல் நின்றவள் அவள். அந்த விடுபட்ட நாட்கள் அவளது சோதனைப் பெறுபேற்றில் தெரியும்போது நாம் அவளைத்தான் ஏசுகிறோம். வயோதிபரை எடுத்துக்கொள்ளுங்கள். முகாமில் வேறு எந்த வேலையும் இல்லாத பேத்தியார் இரவில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பயத்தைத் தணித்திருப்பார். அதை யாரும் வேலையாகக் கணக்கில் எடுக்கவில்லை. வயலை இழந்த தகப்பன்மாரில் சிலர் குடியில் விழுந்தார்கள். விழாமல் நின்றவர்களிடம் "நீங்கள் விழாமல் நின்றது எங்களுக்குத் தெரியும்" என்று பிள்ளைகள் ஒருநாளாவது சொல்லியிருப்பார்களா?

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் தம்பி தங்கையரும் உண்டு. அவர்களோடு தொலைபேசியில் பேசும் பேச்சில் முக்கால்வாசி அடுத்த தேவையைப் பற்றியதாகவே இருக்கிறது. அனுப்பிய காசில் எத்தனை மூடை உரம் வாங்கினோம், கிணறு எத்தனை அடி இறைத்துத் துப்புரவாக்கினோம், பிள்ளை எந்த வகுப்புக்கு ஏறினாள் என்று ஒருமுறை விவரமாகச் சொல்லிப் பாருங்கள். அங்கு இரவு வேலை முடிந்து வந்திருக்கும் ஒருவருக்கு அதைவிடப் பெரிய நத்தார் வாழ்த்து இல்லை. அன்றைக்கு மட்டும் எதையும் கேட்காதீர்கள்.

நன்றி சொல்ல முடியாதவர்கள்

அந்தத் தாயின் கொப்பியில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிறிய சிலுவை அடையாளம் இருந்தது. விதைநெல் தந்தவருக்கும் அந்த அடையாளம். அவர் 2009இல் இறந்துவிட்டார். இன்னும் இரண்டு பெயர்களுக்குக் கேள்விக்குறி. அவர்கள் எங்கே என்று அவர்களின் வீட்டாருக்கும் தெரியாது.

எமது ஆண்டு முடிவுகளில் இத்தகைய நினைவுகள் அதிகம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி, நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடல் வந்தது. அன்று பின்னேரமே உள்ளூர்க் கிராமங்களிலிருந்து சோற்றுப் பொதியும் சேலையும் சாரமும் சுமந்துகொண்டு கரையோரத்துக்கு மனிதர்கள் ஓடினார்கள். நிறுவனங்கள் வருவதற்கு முன் அயலவர் வந்தார்கள். கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் யார் எவர் என்று பாராமல் ஒருவரை ஒருவர் தூக்கினார்கள். அன்று உதவிக்கு ஓடியவர்களில் பலர் பிற்பாடு போரில் இல்லாமற் போனார்கள். 2008 டிசம்பரில் உழவு இயந்திரப் பெட்டிகளில் கிளிநொச்சியைவிட்டு நகர்ந்துகொண்டிருந்த குடும்பங்களுக்குத் தமது பதுங்கு குழியில் இடம் தந்தவர்கள் அடுத்த டிசம்பரைக் காணவில்லை.

இவர்களுக்கு எப்படி நன்றி கூறுவது? திருப்பலியில் பெயர் சொல்லி மன்றாடலாம். இந்துக்களாயின் அவர்களது திதி நாளில் ஒருவருக்குச் சோறு கொடுக்கலாம். அந்தத் தாய் வேறொன்றும் செய்திருந்தார். விதைநெல் தந்தவரின் பேருக்கு எதிரே வலதுபக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: "2 புசல் கொடுத்தது." யாருக்கு என்று கேட்டோம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பிக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் ஏற்பட்டபோது பயிரை முற்றாக இழந்த ஒரு குடும்பத்திற்கு, அடுத்த விதைப்புக்காக. அந்தக் குடும்பத்திற்கும் இறந்தவருக்கும் எந்த உறவும் இல்லை. "அவருக்குக் குடுக்க ஏலாது. அவர் தந்த மாதிரி வந்து நிண்டவைக்குக் குடுத்தன்" என்றார்.

விதைநெல் இப்படிக் கைமாறுவதைச் சங்கங்கள் ஒழுங்காகச் செய்யலாம். தேவைப்பட்டவர் இரண்டு புசல் வாங்கி, அரிவு வெட்டின் பின் இரண்டரைப் புசலாகத் திருப்பிக் கொடுத்தால், அடுத்த புரட்டாதியில் இன்னொரு குடும்பத்திற்குக் கொடுக்க நெல் இருக்கும். திருப்பித் தருவது காய்ந்த, கலப்பில்லாத, ஒரே இன நெல்லாக இருக்க வேண்டும். களத்தில் மிஞ்சிய பதரைக் கட்டிக் கொடுப்பது நன்றியல்ல.

ஆண்டின் கடைசி நாட்களில்

இந்த மாதம் ஒரு கொப்பி எடுங்கள். பழைய கொப்பியில் எழுதாத பக்கங்கள் இருந்தாலும் போதும். குப்பி விளக்கோ மின்விளக்கோ, ஓரிரவு எல்லோரும் சேர்ந்திருந்து ஒவ்வொருவராகச் சொல்லட்டும். எழுத்துத் திருத்தமான பிள்ளை எழுதட்டும். சிறியவர்களிடம் முதலில் கேளுங்கள். பெரியவர்கள் மறந்த பெயர்கள் அவர்களுக்கு நினைவிருக்கும். மாம்பழம் தந்த ஆச்சியை அவர்கள்தாம் சொல்வார்கள். பெயர் தெரியாதவரை "பெயர் தெரியாது" என்றே எழுதுங்கள்.

பின்னர் அந்தப் பட்டியலிலிருந்து இந்த வருடம் நேரில் பார்க்கக்கூடிய ஒரு வீட்டைத் தெரிவுசெய்யுங்கள். ஒரு வீடு போதும். பஸ் காசும் பார்க்க வேண்டுமல்லவா? சண்டை பிடித்துப் பேச்சில்லாமல் இருக்கும் வீடாக இருந்தால் மிகவும் நல்லது. முதல் ஐந்து நிமிடம் சங்கடமாக இருக்கும், தேத்தண்ணி வந்தால் சரியாகிவிடும். ஒரு பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள். அந்த வீட்டுக்காரர் முன்னிலையில் பிள்ளைக்கு, "நாங்கள் இஞ்ச வந்தபோது நீ கைக்குழந்தை, இந்த அம்மாதான் உனக்குப் பால் காய்ச்சித் தந்தவ" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் நீண்ட பேச்சுத் தேவையில்லை.

வசதி வரட்டும், வீடு கட்டி முடியட்டும், அதன் பின் பார்ப்போம் என்று தள்ளிப் போட வேண்டாம். அப்படித் தள்ளிப் போட்டுப் பிந்திப்போன பலரை அறிவோம். நாமும் அவர்களில் சேர்த்திதான்.

கொண்டுபோவதற்கு ஒன்றுமில்லையே என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அயல் வீட்டிலிருந்து பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எம்மிடம் இல்லை. பெருநாளுக்கு வட்டிலப்பம் வந்த கோப்பைக்குள் நத்தாருக்குப் பயற்றம் பணியாரம் போகும். பயற்றம் பணியாரம் வந்த தட்டில் பொங்கல் போகும். ஒன்றும் இல்லாத வீட்டார் நாலு பச்சை மிளகாயாவது, ஒரு பிடி முருங்கையிலையாவது வைத்து அனுப்புவார்கள். மார்கழி மழைக்கு முருங்கை தளைத்துத்தான் நிற்கும். இரண்டு கெட்டு முறித்து ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டால் பஸ்ஸில் வாடாது. முன்னர் அவர்கள் தந்த பாத்திரம் ஏதும் வீட்டில் கிடக்கிறதா என்று புறப்படுமுன் பாருங்கள். இருந்தால் சாம்பல் போட்டு நன்றாகத் தேய்த்து, முருங்கையிலையை அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள்.